விட்டுப் படித்த வரி

அன்புள்ள குமாருக்கு,

மஸ்கட் வேலை உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா பேரு அந்தப் புத்தகத்துல ஏறுமா ஏறாதாப்பா? அத மட்டும் சொல்லுங்க." நான் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. ஏழெட்டுத் தாள் கிழித்தாகிவிட்டது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டே, வண்டிக்குள் ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் எழுதப் படித்துக்கொண்டவன். இதுவரை எந்த மனுவுக்கும் இன்னொருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. மனு என்றால் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடுவேன். இதுதான் வரமாட்டேன் என்கிறது.

உனக்குத் தெரிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், அப்போதுதான் தெரியாதது எங்கே தொடங்குகிறது என்று உனக்குப் புரியும். பட்டாளத்தில் விடுவிக்கும்போது கொடுத்த என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. பிள்ளைகள் என்ற கட்டத்திலும் ஒரு கோடு. அதற்குக் கீழே, என்னை நம்பியிருக்கும் உறவினர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர். ஒன்று என் அக்கா, அதாவது உன் அம்மாச்சி. இரண்டாவது செண்பகவல்லி, அக்காள் மகள். அந்தப் புத்தகத்தின்படி நான் இருபத்துநாலு வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய கலியாணமாகாத ஆள். நீ பிறக்கவேயில்லை. உன் அம்மா எனக்கு அக்காள் மகள், அவ்வளவுதான். நான் கண்ணை மூடிவிட்டால் அன்றோடு பென்சன் நின்றுபோகும். அக்காள் மகளுக்குக் குடும்ப பென்சன் கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. தளவாய்புரத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும் நைட்டிகளுக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்கவே அரை மணி நேரம் ஆகிறது. முன்னாள் படைவீரர் மனைவிக்கு உண்டான மருத்துவ அட்டை இருந்தால் ஆபரேஷன் எப்போதோ முடிந்திருக்கும். அட்டைக்கும் அந்தக் கட்டத்தில் பேர் இருக்க வேண்டும். எனக்கு வயது எழுபத்து மூன்று. போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், இனி மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். ஆகவே நீ கேட்ட கேள்வி சரியான நேரத்தில் கேட்ட கேள்விதான்.

இந்தக் கோடு எப்படி விழுந்தது என்று நான் உனக்குச் சொல்லியிருக்கிற கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். அப்பா அம்மா இரண்டு பேரையும் சிறுவயதிலேயே இழந்த என்னை அக்காதான் வளர்த்தாள். அவளை வன்னியம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்குப் பெண் பிறந்த அன்றைக்கே, இது தம்பிக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். நம் பக்கத்தில் இது புதிதில்லை. தாய்மாமனுக்குப் பெண்ணைக் கொடுப்பது பெருமை. பத்தொன்பது வயதில் நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது, வீட்டில் யார் யார் என்று ஆளெடுக்கும் இடத்தில் கேட்டார்கள். அக்கா பெயரைச் சொன்னேன், அடுத்து அக்காள் மகள் பெயரையும் சொன்னேன். அப்போது அவள் ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷம் கழித்து லீவில் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நம்ம திருவண்ணாமலையில், பெருமாள் சன்னதியில் வைத்துத் தாலி கட்டினேன். ஊரிலிருந்து வந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். இன்றைக்கு அதில் உயிரோடு இருப்பது, பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மைதீன் மாமா ஒருத்தர்தான். லீவு முடிந்து போய், கலியாணம் ஆகிவிட்டது, மனைவி பெயரைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். இருந்த ஒரே கலியாணப் படத்தையும் அதோடு வைத்தேன். யூனிட்டில் இருந்த பெரிய கிளார்க் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தார். அதே பெயர், அதே பிறந்த தேதி, அக்காள் மகள் என்று இருக்கிறது. வடக்கே அவர்கள் பக்கத்தில் அக்காள் மகள் என்றால் பெற்ற மகள் மாதிரி. இது நடக்காத காரியம் என்று சொல்லி என் மனுவைக் கோடு போட்டு அடித்துவிட்டார், படமும் திரும்பி வரவில்லை. இதுதான் நான் சொல்லிவந்த கதை. கதை முடிகிற இடத்தில் அந்த மனிதரை நான் என்னென்ன சொல்லித் திட்டுவேன் என்பதும் உனக்கு மனப்பாடம்.

அந்தக் கதையால் உனக்கு நேர்ந்ததையும் எழுத வேண்டும். நீ பிளஸ் டூ முடித்த வருஷம் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் உனக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கும். உன் மார்க்குக்கு அது தாராளம். சான்றிதழ் வாங்க நாம் இரண்டு பேரும் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அதிகாரி உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். "தம்பி யாருங்கய்யா?" என்றார். வாசலில் நின்ற ஒரு ஆள் நம்மைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னான். அக்காள் மகள் செண்பகவல்லி செத்துப்போய்விட்டாள், நான் கட்டியது அதே பெயருள்ள வேறு பெண் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். உன் அம்மாவைக் காகிதத்தில் சாகடிக்கச் சொல்கிறான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை அவன் அதையே சொன்னாலும் அதையே செய்வேன். ஆனால் வருத்தப்பட வேண்டிய காரியம் அதற்கு அடுத்த வாரம் நடந்தது. அதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பொறவு பாலிடெக்னிக்கில் சேர்ந்தாய், ஏ.சி. மெக்கானிக் ஆனாய், கோயம்புத்தூர் போனாய். உன் பிழைப்பு மோசமில்லை. இருந்தாலும் உன் மகள் ஏதாவது மார்க் வாங்கி வந்து காட்டும்போது நீ ஒரு நிமிஷம் என் பக்கம் பார்ப்பாய். அந்தப் பார்வையை நான் கவனிக்காமல் இல்லை.

இனி உனக்குத் தெரியாதது. அந்தப் பெரிய கிளார்க் எதையும் தானாக அடிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நின்றுகொண்டிருந்தவனை உட்காரச் சொன்னார். ஒரு ஹெட்கிளார்க் ஒரு சிப்பாயை உட்காரச் சொல்வது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. டீ வரவழைத்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று இந்தியை மெதுவாகப் பேசினார். எங்கள் பக்கம் இந்த வழக்கம் கிடையாது, உங்கள் பக்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நான் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் இதை மேலே அனுப்பினால் என்னைக் கேள்வி கேட்பார்கள், உன் ஊர்ப் பெரியவர் ஒருவரிடமிருந்து, இது எங்கள் குலவழக்கம் என்று நாலு வரி வாங்கிக் கொடு, நான் இணைத்து அனுப்புகிறேன் என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. ஒரு தகப்பன் சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அன்றைக்கு அது காதில் ஏறவில்லை. அக்கா தன் பெண்ணை எனக்குக் கொடுத்ததற்கு எவன் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. விளக்கம் கொடுக்க விருப்பமில்லை என்றால் அதையாவது எழுதிக் கொடு என்று தாளை நீட்டினார். எனக்கு விளக்கம் தர விருப்பமில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதிய வரியில் ஒரு தப்புகூட இல்லை என்று வெளியே வரும்போது எனக்கு ஒரு கர்வம் வேறு.

கர்வம் மட்டும் என்றால் இவ்வளவு நாள் மறைத்திருக்க மாட்டேன். அதற்கு முன்னால், நாங்கள் தங்கியிருந்த பாரக்கில் கலியாணப் படத்தைச் சுற்றுக்கு விட்டிருந்தேன். எல்லாரும் பார்த்தார்கள், லட்டு கேட்டார்கள். பெண் சொந்தமா என்று நம் பக்கத்துப் பையன் ஒருத்தன் கேட்டான். பெருமையாக, அக்கா மக என்று சொன்னேன். அதை அவன் இந்தியில் மற்றவர்களுக்குச் சொன்னான். அப்புறம் ஒருத்தன் சிரித்தான். மகளைக் கட்டிக்கொண்டவன் என்று எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். லாரியில் ஏறினால் அந்தப் பேர், சாப்பாட்டு வரிசையில் நின்றால் அந்தப் பேர். நான் படத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். புதிதாக வந்த ஒருத்தன் பெட்டிக்குள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டான். அக்காள் மகள் என்று சொல்லி மூடியைச் சாத்திவிட்டேன். மனைவி என்று சொல்லவில்லை. அதே படத்தை மனுவோடு வைத்துக் கொடுத்த அடுத்த வாரம்தான் கிளார்க் கூப்பிட்டது. அங்கே நான் காட்டிய ரோஷத்துக்கு அடியில் இந்தக் கூச்சம்தான் கிடந்தது. ஊரிலிருந்து சான்று வரவழைத்தால் இன்னும் நாலு பேருக்குத் தெரியும், இன்னும் நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயந்தேன். இதை எழுத எனக்கு நாற்பத்தாறு வருஷமும் இந்தப் பதினொரு நாளும் ஆகியிருக்கிறது.

பிற்பாடு சரிசெய்திருக்கலாமே என்று நீ கேட்பாய். வழி இருந்தது. உன் அம்மாச்சி பக்கவாதத்தில் படுத்துவிட்டதால் அம்மா ஊரைவிட்டு நகரவில்லை, குடும்பத்தோடு குடியிருக்க வீடு கேட்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. அதனால் அந்தக் கோடு அப்படியே கிடந்தது. ரிட்டயர் ஆகும்போது மறுபடியும் ஒரு படிவம் நீட்டினார்கள். அடித்தவனே வந்து எழுதட்டும், நான் எழுத மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். எழுதுகிற கை என்னுடையதுதான் என்று தெரிந்தேதான் போட்டேன் அந்தச் சண்டையை. ஊருக்கு வந்து மில் வாசலில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டு மனுவாக எழுதித் தள்ளினேன். எல்லா மனுவிலும் ஒரே வாசகம்: கிளார்க்கின் தவறால் என் மனைவி பெயர் விடுபட்டுள்ளது. உன் இன்ஜினியரிங் இடம் போன அடுத்த வாரம், பட்டாளத்து ஆவண அலுவலகத்திலிருந்து முதல் தடவையாக ஒழுங்கான பதில் ஒன்று வந்தது. திருத்தம் செய்யலாம், வழக்கத்துக்குச் சான்றும், தம்பதியாக எடுத்த படமும், இத்தனை வருஷம் தாமதித்ததற்கான காரணமும் எழுதி அனுப்பவும் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. கிளார்க்கின் தவறு என்பது ஏற்கத்தக்கதல்ல, நேரில் அழைத்துக் கேட்டபோது விளக்கம் தர விருப்பமில்லை என்று இவரே எழுதிக் கையொப்பமிட்டுள்ளார் என்று. நீ அப்போது வீட்டில்தான் இருந்தாய். மேல்முறையீடு செய்து அந்த வருஷமே ஏதாவது செய்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முயன்று பார்த்திருக்கலாம். நான் அந்தக் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன்.

போன மாதம் நெஞ்சு வலி வந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அம்மா அந்தப் பெட்டியைக் கவிழ்த்திருக்கிறாள். முத்திரை போட்ட கடிதம் கையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், இது என்ன என்று கேட்டாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது, கண்ணும் தெரியவில்லை. நான் வாங்கித் தமிழில் படித்துக் காட்டினேன். சான்று கேட்கிறார்கள், படம் கேட்கிறார்கள், தாமதத்துக்குக் காரணம் கேட்கிறார்கள் என்று எல்லாம் படித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். இம்புட்டுதானா, இதுக்கா இருவது வருசமாப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அன்றைக்கே மைதீன் மாமாவிடம் போய்ச் சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீலிடம் நேரமும் வாங்கிவிட்டாள். எனக்குத் தப்பிக்க வழியில்லை.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கலியாணத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி என்று மைதீன் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழியெல்லாம் என்னை வம்புக்கு இழுத்துக்கொண்டே வந்தார். "ஏலே பட்டாளம், நீ எல்லையில சண்டை போட்டதவிட காயிதத்தோட போட்டதுதான் ஜாஸ்திலே" என்றார். அம்மா சிரித்தாள். வக்கீல் அம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். வரிசையாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டது. அம்மாவைப் பார்த்து, "இவிய உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டது. அம்மா யோசிக்காமல், "மாமா" என்றாள். அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டது. "மாமாதான் தாயீ. வீட்டுக்காரரும் அவியதான். ரெண்டையும் எழுதிக்கோ, ஒண்ண எழுதப்போய்த்தான் இம்புட்டு வம்பு" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், ஆவண அலுவலகத்திலிருந்து ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா என்று வக்கீல் அம்மா கேட்டது. அம்மா மடியிலிருந்த பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண் ஒழுங்காகப் படித்தது. ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் வாசித்து, அம்மாவுக்காகத் தமிழில் சொன்னது. அந்த வரியையும் சொன்னது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஐயா, நீங்களே எழுதிக் கொடுத்ததா இருக்கே? அப்ப கிளார்க் தப்புன்னு போட்டா இது திரும்பத்தான் வரும்" என்றது. மைதீன் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். நான் மேசையில் இருந்த முத்திரைக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தை யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள், மற்றதெல்லாம் தயாராக வைக்கிறேன் என்று அந்தப் பெண் எங்களை அனுப்பிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, என்ன நடந்தது என்று கேட்டாள். கிளார்க் டீ வரவழைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாரக்கில் வைத்த பேரையும் சொன்னேன். அந்தப் பேரைச் சொன்னபோது அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன், இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த ஆளு அம்புட்டு மரியாதையாக் கேட்டிருக்காரு. எம் பொண்டாட்டின்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாய் வலிச்சுச்சா மாமா?"

குமாரு, வருஷக்கணக்காக எனக்கு வந்த எந்தக் கடிதமும் என்னை இப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆனால் நாலு நாள் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்றாள், "கேக்குதா" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு சொல்லால்தான். அது நின்றுபோன வீட்டில் எனக்கு உட்கார இடம் இல்லாத மாதிரி இருந்தது. பென்சன், அட்டை, கண் ஆபரேஷன் எல்லாம் அவளுக்கு வேண்டியதுதான். ஆனால் அவள் கேட்டது அதையெல்லாம் இல்லை. அது எனக்குப் புரிந்தது.

ஐந்தாம் நாள் தாமதத்துக்கான காரணம் எழுத உட்கார்ந்தேன். வழக்கமாக இரண்டு பக்கம் எழுதுகிறவன் நான். விதி எண் போடுவேன், சிவப்பு மையில் கோடு இழுப்பேன். இந்தத் தடவை நாலு வரிதான் வந்தது. செண்பகவல்லி என் அக்காள் மகள், என் மனைவி, இரண்டும் ஒருவரே. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெரியவர்கள் சம்மதத்தோடு கோயிலில் கலியாணம் நடந்தது. என்னிடம் முறையாக விளக்கம் கேட்கப்பட்டது, நான்தான் கொடுக்க மறுத்தேன். கேட்ட அதிகாரி மேல் எந்தத் தவறும் இல்லை, இத்தனை வருஷத் தாமதமும் என்னுடையது. கடைசி வரியை எழுதும்போது அந்த மனிதரின் முகம் ஞாபகம் வந்தது. பெயர் மறந்துவிட்டது. இருக்கிறாரோ இல்லையோ. அவர் வாங்கிக் கொடுத்த டீயை நான் குடிக்காமல் ஆறவிட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இனி உன் பிள்ளையிடம் அந்தக் கதையைச் சொன்னால் இப்படியே சொல். எனக்காக அவரைத் திட்டாதே.

எழுதியதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, படம் எடுக்கணும்னாங்களே, எப்பப் போறோம் என்றாள். மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனோம். அரக்குப் புடவை கட்டியிருந்தாள். படம் எடுக்கிற ஆள், இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க தாத்தா, என்று இரண்டு தடவை சொன்னான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நல்லா எடுப்பா. இருந்த ஒண்ணையும் மாமா பட்டாளத்துக்கே குடுத்திட்டாக" என்றாள். மாமா என்ற சொல் திரும்பி வந்துவிட்டது. அதை வைத்து நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அப்படிச் சுலபமாக விடுகிறவள் இல்லை என்று உனக்கும் தெரியும்.

நீ என் மகன். உன்னிடமும் இந்தப் பிடிவாதம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். பிடிவாதத்தை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தரகன் சொன்ன பொய்யில் நான் கையெழுத்துப் போடாததும் இதே பிடிவாதத்தால்தான். ஆனால் ஒருத்தர் கேள்வி கேட்கிறார் என்றாலே நம்மை அவமானப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொள்கிற புத்தி நம் இரண்டு பேருக்கும் உண்டு. போகிற இடத்தில் உன்னிடம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். உனக்குப் பழக்கமான விஷயம் அவனுக்கு விநோதமாக இருக்கும். சொல்லு, பொறுமையாகச் சொல்லு, ஊரிலிருந்து காகிதம் கேட்டால் வரவழைத்துக் கொடு. அங்கே நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உன்னை நம்பியிருப்பவர்கள் யார் என்று கேட்கிற கட்டத்தில் உன் மனைவி பெயரையும் உன் மகள் பெயரையும் முதலில் எழுது. அவர்கள் பெயர் ஏறிவிட்டதா என்று நகலை வாங்கிப் பார். பார்த்த பிறகு கையெழுத்துப் போடு. இத்தனை மனு எழுதிய பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் பேனா எடுத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அந்த இன்ஜினியரிங் இடம் போனதற்குப் பட்டாளம் காரணமில்லை, அந்தக் கிளார்க் காரணமில்லை. இருபத்தோரு வருஷமாக உன்னிடம் மறைத்தது இதைத்தான். கோபப்பட வேண்டுமானால் படு. நேரில் வந்து படு. பிரமாணப் பத்திரத்தில் பிள்ளை என்ற முறையில் நீயும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வக்கீல் அம்மா சொல்லியிருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி வா. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் முடித்துவிட்டு அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடலாம். படிவத்தில் பிள்ளைகள் என்ற கட்டத்தில் உன் பெயரை நானே எழுதி வைத்திருக்கிறேன். பட்டாளத்துக் காகிதத்தில் நான் அதை எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது, வேறு தாள் எடுக்கவில்லை.

அம்மா பேர் ஏறுமா ஏறாதா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. வக்கீல் அம்மா, ஏறும் என்கிறது. எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாதாம். அதுவரை நான் இருப்பேனா என்பதும் சொல்வதற்கில்லை. நான் இல்லாமல் போனாலும் அந்தக் காகிதம் நிற்கும் என்கிறது, ஏனென்றால் இந்தத் தடவை அதில் பொய் இல்லை. பதில் வரும்போது நான் இல்லையென்றால் நீ அவர்களோடு சண்டைக்குப் போகாதே. என் பழைய மனுக்களை எடுத்துக் காட்டாதே. அந்த நாலு வரியை மட்டும் காட்டு.

இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவை உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். எந்த வரியையும் விடவில்லை. பாரக்கில் கேட்டவனிடம் அக்காள் மகள் என்று சொல்லிப் பெட்டியைச் சாத்தினேன் என்று எழுதிய இடத்தில், நிறுத்துங்க, இன்னொரு தடவ படிங்க என்றாள். படித்தேன். கையிலிருந்த நைட்டியில் கொக்கி தைப்பதை நிறுத்தினாள். பிறகு நூல் தீர்ந்த ஊசியை என்னிடம் நீட்டி, "நூலு கோத்துக் குடுங்க மாமா. பொறவு ஒட்டலாம்" என்றாள்.

கோத்துக் கொடுத்துவிட்டு இதை ஒட்டுகிறேன்.

உன் அப்பா